மன்னிப்புக் கிடைத்தபின் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? (லேவியராகமம் 6, லூக்கா 19)

பெரேயா:
கன்வென்ஷன் மேடைகளில் இந்த விஷயத்தில் இரண்டு பேச்சு கேட்கிறோம். "எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காதவனுக்கு இரட்சிப்பே இல்லை" என்கிறார் ஒருவர். "சிலுவையில் எல்லாம் தீர்ந்தாயிற்று, பழசைக் கிளறாதே" என்கிறார் அடுத்தவர். வசனத்தை வைத்துப் பார்ப்போம்.

என் நிலை: கொடுத்தே ஆக வேண்டும். லேவி. 6:1-7ஐத் திறந்து வையுங்கள். நம்பி ஒப்படைத்த பொருளை இல்லையென்று மறுத்தவன், பறித்தவன், கண்டெடுத்ததை மறைத்தவன், பொய்யாணையிட்டவன் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். 5ஆம் வசனத்தில் முதலும் (எடுத்த பொருளும்) அதோடு ஐந்தில் ஒரு பங்கும் உரியவனுக்குப் போகிறது. 6ஆம் வசனத்தில்தான் பழுதற்ற ஆட்டுக்கடா ஆசாரியனிடம் வருகிறது. மன்னிப்பு என்ற சொல் 7ஆம் வசனத்தில் வருகிறது. இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல.

கிருபை மட்டுமே:
பிரதர், லேவியராகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்திலேயே நின்றுவிடுவோம். அந்த ஆட்டுக்கடா யார்? ஏசா. 53:10 கிறிஸ்துவைக் "குற்றநிவாரணபலியாக" என்று அதே பலியின் பெயரைச் சொல்லித்தான் காட்டுகிறது. நமக்கு விரோதமாயிருந்த "கையெழுத்தைக் குலைத்து" ஆணியடித்தார் என்கிறது கொலோ. 2:14. கையெழுத்து என்றால் கடன்பத்திரம். கிழித்த பத்திரத்துக்கு யாராவது வட்டி கட்டுவார்களா?

இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் ஒரு காசாவது திருப்பிக் கொடுத்தானா? எபே. 4:28ஐயும் பாருங்கள். திருடுகிறவன் இனித் திருடாமல், உழைத்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார் பவுல். திருட்டுக் கொடுத்தவனைத் தேடிப் போ என்று அங்கே இல்லை.

பெரேயா:
ஏசா. 53:10ஐ எடுத்தீர்கள், நல்லது. ஆனால் லேவி. 6இல் கணக்கு இரண்டு. கடா கர்த்தருக்கு. முதலும் ஐந்தில் ஒரு பங்கும் மனிதனுக்கு. கடாவைக் கொண்டுவந்தவனிடம் "இனி முதலைக் கொடுக்க வேண்டாம்" என்று எந்த ஆசாரியனும் சொல்லியிருக்க முடியாது. இயேசு கடாவின் இடத்தில் நிற்கிறார், நம் எல்லாருக்காகவும் நிற்கிறார். ஆனால் அயலானுடைய மாடு உங்கள் தொழுவத்தில்தானே நிற்கிறது? கொலோ. 2:14இன் பத்திரம் தேவனுக்கு முன்பாக உள்ளது. அயலான் கையிலிருக்கும் பத்திரத்தைக் கிழிக்கும் உரிமை அவனுக்குத்தான்.

கள்ளனுக்குக் கையும் காலும் ஆணியில் இருந்தன. முடியாதவனை வைத்து முடிகிறவனுக்குச் சட்டம் எழுதக்கூடாது.

மறைக்கல்வி ஆசிரியை:
கத்தோலிக்கத் தரப்பையும் பதிவு செய்கிறேன். புனித அகுஸ்தீன் மக்கதோனியுஸுக்கு எழுதிய 153ஆம் கடிதத்தில், திருப்பிக் கொடுக்க முடிந்தவன் கொடாமலிருந்தால் பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்கிறார். "முடிந்தவன்" என்ற நிபந்தனை அங்கேயே இருக்கிறது, மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2412ஆம் எண்ணிலும் திருடிய பொருளை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு.

நடைமுறையில், ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) அருட்தந்தை வழியாகவே பணத்தை உரியவரிடம் சேர்க்கலாம். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. வேலை போகும், குடும்பம் சிதறும் என்று பயந்தே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது வழி.

கிருபை மட்டுமே:
சகோதரி, "மன்னிக்கப்படுவதில்லை" என்பதில்தான் என் சண்டை. வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவையே எடுங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொன்னது லூக். 19:5. அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு வாக்குக் கொடுத்தது 8ஆம் வசனம். ஒரு காசு கைமாறுமுன் இயேசு வீட்டுக்குள் போய்விட்டார். தொகையையும் பாருங்கள். "நாலத்தனையாக", அதாவது நாலு மடங்காக, என்கிறான். தானே வந்து அறிக்கையிடுகிறவனுக்கு நியாயப்பிரமாணம் கேட்டது முதலும் ஐந்தில் ஒரு பங்கும்தான் (எண். 5:7). நாலத்தனை என்பது ஆட்டைத் திருடி அடித்தோ விற்றோ பிடிபட்டவனுக்கு (யாத். 22:1). பிடிபடாதவன் பிடிபட்டவனின் அபராதத்தைத் தானே போட்டுக்கொள்கிறான் என்றால் அது சந்தோஷத்தில் வந்தது. அதைக் கட்டளையாக்கினால் சகேயுவின் கதை முறிந்துபோகும்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தொகை பற்றிப் பேசுவதால் சரியாக எழுதிவிடுகிறேன். தானே ஒப்புக்கொண்டால் 1.2 மடங்கு. திருட்டு ஆடோ மாடோ உயிரோடு அவன் கையில் அகப்பட்டால் 2 மடங்கு (யாத். 22:4). அடித்தோ விற்றோ விட்டால் ஆட்டுக்கு 4, மாட்டுக்கு 5. சீக்கிரம் திரும்பியவனுக்குச் செலவு குறைவு.

"ஐந்தில் ஒரு பங்கு" எதிலே ஐந்து என்பதில் யூத ரபிகளுக்குள்ளேயே வாதம் உண்டு. முதல் 10,000 ரூபாய் என்றால் அதில் ஐந்திலொன்று 2,000, மொத்தம் 12,000. கூட்டிய பின் வரும் மொத்தத்தில் ஐந்திலொன்று என்று கணக்கிட்டால் 2,500, மொத்தம் 12,500. ரபிகள் பின்னதையே ஏற்றார்கள்.

நம் சபைகளில் நடக்கும் பெரிய தவறு ஒன்று. மனசாட்சி குத்தியதும் அந்தத் தொகையைக் கவரில் போட்டுக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறார்கள். எண். 5:7-8இன் வரிசை வேறு. முதலில் உரியவன். அவன் இல்லையென்றால் அவன் இனத்தான், அதாவது உறவினன். வாங்க இனத்தான் யாரும் இல்லாதபோதுதான் கர்த்தருக்கென்று ஆசாரியனுக்கு. பெட்டியில் போடுகிறவன் இரண்டு படியைத் தாண்டிவிடுகிறான். பணத்தை இழந்த வீடு இழந்தபடியே இருக்கிறது.

டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனவர் அதே தூரத்துக்கு முன்பதிவில்லா டிக்கெட் எடுத்து, பயணம் செய்யாமல் கிழித்துவிட்டால் பணம் ரயில்வேக்கே போகும். வருமான வரியில் மறைத்ததற்குப் புதுப்பித்த ரிட்டர்ன் உண்டு. 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு 48 மாதம் வரை அவகாசம். கூடுதல் வரி முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், பிறகு 50, 60, 70. இங்கேயும் தாமதத்துக்கு விலை ஏறுகிறது.

கிருபை மட்டுமே:
கணக்கு சுத்தம், அண்ணே. காணிக்கைப் பெட்டி விஷயத்தில் முழுக்க உங்களோடு நிற்கிறேன். ஆனால் இந்தப் போதனை பலவீனமான மனசாட்சியை என்ன செய்கிறது என்பதையும் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் எடுத்த பென்சில் வரை பட்டியல் போட்டு, "இன்னும் ஏதாவது மறந்திருப்பேனோ" என்று தூங்காதவர்கள் உண்டு. பட்டியல் முடிந்தால்தான் இரட்சிப்பு என்றால் அவர்களுடைய நம்பிக்கை கிறிஸ்துவின்மேல் இல்லை, பட்டியலின்மேல் இருக்கிறது. பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தைப் பாருங்கள். பிலேமோனின் அடிமை ஒநேசிமு அவருக்குக் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார் பவுல். வேறொருவர் செலுத்துகிறார், சுவிசேஷம் அதுதான்.

பெரேயா:
அதே பிலேமோன்தான் எனக்கும் சாட்சி. 19ஆம் வசனத்தில் "நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று சொந்தக் கையால் எழுதுகிறார். அங்கே உள்ள கிரேக்க வினை அப்போதினோ. புதிய ஏற்பாட்டில் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் மாட்டைத் திருடியவன் ஐந்து மாடுகளைச் செலுத்தவேண்டும் என்கிற இடத்திலும் (யாத். 22:1) அதே வினை. ஒநேசிமு மனந்திரும்பிவிட்டான், கடன் போயிற்று என்று பவுல் எழுதவில்லை. கடன் நிற்கிறது, யாராவது கட்ட வேண்டும் என்கிறார்.

மனசாட்சி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். பென்சிலும் நகையும் ஒன்றல்ல. உரியவர் இன்னார், பொருள் இன்னது, அது இன்னும் நம்மிடம் இருக்கிறது அல்லது அதன் பலன் இருக்கிறது: இந்த மூன்றும் தெரிந்த இடத்தில் தொடங்கினால் போதும்.

எளிய வாசகி:
நகை என்றதும் கேட்கிறேன். வரதட்சணையாக வாங்கின பவுன் இதில் வருமா? சபையில் ரயில் டிக்கெட்டைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்கள். வரதட்சணையைத் திருப்பிக் கொடுத்தேன் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கணக்குப்பிள்ளை:
வரும், சிஸ்டர். இது முதலில் வர வேண்டியது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, கல்யாணத்துக்கு முன் வேறு யார் கையில் வாங்கியிருந்தாலும் கல்யாண நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அவளுடைய நன்மைக்காக வைத்திருக்கும் பொறுப்பு மட்டுமே வாங்கியவருக்கு.

மாமியார் பீரோவில் 5 பவுன் இருக்கிறது என்று வையுங்கள். 40 கிராம். அன்றைய விலையை ரூபாயாகக் கொடுத்தால் முதலே திரும்பவில்லை. பவுனாகத்தான் கொடுக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு 8 கிராம். மொத்தம் 48 கிராம், 6 பவுன். நாத்தனார் கல்யாணத்துக்கு உருக்கிவிட்டார்கள் என்றாலும் எடை மாறாது.

கிருபை மட்டுமே:
சிஸ்டர், இதில் நான் எதிர்க்கட்சி இல்லை. அந்த 6 பவுனைக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காமல் இராப்போஜனத்துக்கு (திருவிருந்துக்கு) வருகிறவர், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத். 5:23-24ஐத் திரும்ப வாசிக்கட்டும். கொடுத்ததால் இரட்சிக்கப்பட்டார் என்று சொல்லமாட்டேன், அவ்வளவுதான். சகேயுவின் வீட்டில் முதலில் நுழைந்தவர் யார் என்பதை நான் விடமாட்டேன்.

பெரேயா:
நானும் 9ஆம் வசனத்தை விடமாட்டேன். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது சகேயு வாயைத் திறந்த பிறகு.

எளிய வாசகி:
இன்னொரு சந்தேகம். நகை போட்ட அப்பா இறந்துவிட்டார். கடன் வாங்கிப் போட்ட நகை, அந்தக் கடனை இன்னும் அண்ணன் கட்டுகிறார். அப்போது உரியவர் யார், மகளா, அண்ணனா?

கணக்குப்பிள்ளை:
சட்டப்படி நகை மகளுடையது, அதை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். எண். 5:8இன் இனத்தான் என்ற இடத்தில் அண்ணன் நிற்கிறார். கடனில் இன்னும் எத்தனை ரூபாய் பாக்கி என்று மாப்பிள்ளையே போய்க் கேட்டு, அதைத் தான் ஏற்றுக்கொள்ளட்டும். மனைவியின் நகையை அடகு வைத்து அதைக் கட்டக்கூடாது.