திரையில் பார்த்ததும் சுவரில் மாட்டியதும்: தனிநபர் கண்காட்சிக்கு ஓவியரைத் தேர்ந்த அனுபவங்கள்

தேர்வுக் குழுவில் இருந்தவர், சென்னை:

சென்னையில் ஒரு சிறிய காட்சிக்கூடத்தின் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஆண்டுக்கு நான்கு தனிநபர் கண்காட்சிகளுக்கு மேல் எங்களால் நடத்த இயலாது என்பதால், வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்புவதே எங்கள் வேலையாக இருந்தது. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளில் பயின்றவர்களும், எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காதவர்களும் விண்ணப்பிப்பார்கள். படங்களைப் புரொஜெக்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அன்று மாலைக்குள் முடிவெடுத்துவிடுவோம். அந்த முறையில் என்ன கோளாறு என்பதை எங்களுக்கு உணர்த்தியவர், பழவேற்காட்டு மீன்வலைகளைக் கறுப்பு மையில் வரைந்த ஓர் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்.

அவருடைய கோட்டோவியங்கள் திரை முழுவதையும் நிறைத்தன. வலையின் ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியே தெரிந்தது. காய்ந்த கயிற்றின் பிசிறுகூடத் தெரிந்தது. குழுவில் எப்போதும் ஒத்துப்போகாத இருவர்கூட அன்று மறுபேச்சில்லாமல் கை தூக்கினார்கள். கடிதம் அனுப்பி, தேதியும் குறித்தாகிவிட்டது. திறப்புக்கு ஒரு மாதம் முன்பு படங்களை எடுத்துவர அவர் வீட்டுக்குப் போனபோது, அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மூடியைத் திறந்தார். நாற்பது படங்களும் அதற்குள் இருந்தன. ஒவ்வொன்றும் அஞ்சலட்டை அளவுதான்!

அவர் எதையும் மறைக்கவில்லை. விண்ணப்பத்தில் அளவுக்கான கட்டத்தில் 14 × 9 செ.மீ. என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்காத நாங்கள் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. எங்கள் கூடத்தின் சுவர்கள் மொத்தம் 110 அடி நீளம். நாற்பது படங்களையும் இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும் 18 அடியைத்தான் தாண்டும். பெரிதாக அச்சிட்டு மாட்டலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னதற்கு அவர் ஒரே வரியில் பதில் சொன்னார்: "நான் அவ்வளவு பெரிய முடிச்சுப் போடலைங்க, சார்."

கடைசியில் பிளைவுட் தடுப்பு வைத்துக் கூடத்தைப் பாதியாகச் சுருக்கினோம். ஒவ்வொரு படத்தையும் அகலமான வெள்ளை மவுன்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) போட்டுப் பெரிய சட்டகத்துக்குள் வைத்து, நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் வரும்படி மாட்டினோம். வந்தவர்கள் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டதால் இரண்டாம் நாள் விளக்குகளை எல்லாம் திருப்பிவைக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு வாக்கெடுப்புக்கு முன்னால் செய்தித்தாளைப் படங்களின் உண்மையான அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். பழைய நாளிதழ்க் கட்டு ஒன்று தேர்வு அறையிலேயே கிடக்கும்.

ஓவியர், கும்பகோணம்:

மேலே எழுதியவர் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலிருந்து சொன்னார்; நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவன். முதன்முறை விண்ணப்பித்தபோது என்னால் என்னவெல்லாம் முடியும் என்று காட்டுவதற்காக, ஓர் அய்யனார், இரண்டு அருவ ஓவியங்கள், பாட்டியின் முகம், காவிரிப் படித்துறை என்று இருபது படங்களை அனுப்பினேன். நேரில் அழைத்த குழுவில் ஓர் அம்மையார், "இதில் எதை நீங்கள் இருபது முறை வரைந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கோபத்தோடுதான் வெளியே வந்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 1960-களில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார். ஓவியர் ஆதிமூலம், காந்தி என்ற ஒரே மனிதரைக் கோட்டோவியங்களாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். 1966-இல் பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குப் போய் அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தபின், படித்துறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகளில் இருபத்திரண்டு கேன்வாஸ்கள் சேர்ந்தன. வேறொரு காட்சிக்கூடம் என்னைத் தேர்ந்தெடுத்தது.

அங்கே நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடந்த காலத்தில் யாருக்கு, என்ன அளவில், என்ன விலைக்கு விற்றிருக்கிறீர்கள் என்று தேர்வின்போதே எழுதித் தரச் சொன்னார்கள். கையில் காசில்லாத ஒரு மழைக்காலத்தில், அதே படித்துறைப் படங்களில் நான்கை ஓர் உள்ளலங்கார ஒப்பந்தக்காரருக்கு ஒன்று 8,000 ரூபாய் என்று கொடுத்திருந்ததை நான் எழுதவில்லை. கூடம் வைத்த விலை 30,000. மூன்றாம் நாள் ஒரு பார்வையாளர் தன் அலுவலக வரவேற்பறையில் இதே படம் மாட்டியிருப்பதாகச் சத்தமாகச் சொன்னார். அருகில் நின்றவர் அப்போதுதான் ஒரு படத்தை வாங்கி, விற்றாயிற்று என்பதைக் காட்டும் சிவப்புப் பொட்டை ஒட்டச் சொல்லியிருந்தார். பொட்டை நானே உரித்தெடுத்தேன். கேலரிகள் கமிஷனாக மூன்றில் ஒரு பங்கோ பாதியோ எடுப்பதைப் பற்றி நாங்கள் நிறையப் புலம்புவோம்; ஆனால் அன்று என் விலைக்காக அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கண்காட்சி ஒருங்கிணைப்பாளர், புதுச்சேரி:

என் அனுபவம் சிறியது. எழுபது வயதைக் கடந்த ஓர் ஓவியரைத் தேர்ந்தெடுத்தபோது, அவருடைய தகுதியைப் பற்றி விவாதிக்க எங்களுக்கு எதுவுமே இருக்கவில்லை. அந்தப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் கேட்க மறந்துவிட்டோம். சிறந்தவை அனைத்தும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே விற்றுப்போயிருந்தன. காப்பீடு, வண்டி, திரும்பக் கொண்டுவந்து மாட்டித் தருவது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டும், முக்கியமான படத்தை வைத்திருந்த வீட்டு அம்மா இரவல் தர மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம்: "அதைக் கழட்டினா செவுத்துல சதுரமா கறை தெரியும் தம்பி, பேரன் கல்யாணம் வருது."

வேண்டுமானால் புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கேட்டலாக்கில் அதை அச்சிட அவருடைய சம்மதம் போதும் என்று நினைத்தோம். படத்தை விலைக்கு வாங்கியதாலேயே அதன் பதிப்புரிமை வாங்கியவருக்குப் போய்விடாது என்று ஒரு வழக்கறிஞர் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துக்காட்டியபின், ஓவியரிடமே எழுத்தில் அனுமதி பெற்றோம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் படத்துக்காகத் தான் முன்பு போட்டுப்பார்த்த மூன்று பென்சில் வரைவுகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெரிய படத்துக்கென ஒதுக்கிய சுவரில் அந்த மூன்றையும்தான் மாட்டினோம்.