ஏழாவது செல் கெட்டுப்போகவில்லை

பதினாறு செல், ஒவ்வொன்றும் 280 ஆம்பியர்-அவர், லித்தியம் அயர்ன் பாஸ்பேட். சோலாருக்கு நானே கோர்த்த முதல் பேட்டரி. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு மாலை மோட்டார் ஓடும்போது பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துக் காக்கும் போர்டு) அலாரம் அடித்தது. செயலியைத் திறந்து பார்த்தால் ஏழாவது செல் மட்டும் மற்றவற்றைவிட 150 மில்லிவோல்ட் கீழே கிடக்கிறது. மோட்டாரை நிறுத்தினேன். ஒரே நொடியில் வித்தியாசம் 4 மில்லிவோல்ட்.

செல் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆனாலும் புதுசு வாங்க மனம் வரவில்லை. செல்களுக்கு இடையே சார்ஜைப் பகிர்ந்து சமப்படுத்தும் 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் ஒன்றை மாட்டி, நாள் முழுக்க வேலை செய்யும்படி விட்டேன். ஒரு வாரத்தில் நிலைமை இன்னும் மோசமானது. மறுபடி உட்கார்ந்து கவனித்தபோதுதான் ஒன்று உறைத்தது: காலையில் சோலாரிலிருந்து 60 ஆம்பியர் ஏறும்போது அதே ஏழாவது செல் 90 மில்லிவோல்ட் மேலே நிற்கிறது! பலவீனமான செல் என்றால் ஓய்விலும் கொஞ்சமாவது பின்தங்க வேண்டாமா? ஓய்வில் சரியாக இருந்து, மின்னோட்டம் போகும் திசைக்கு ஏற்ப, அதன் அளவுக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடினால் அது பெரும்பாலும் செல் இல்லை, இணைப்பு.

மோட்டாரைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையைச் செல்லின் டெர்மினலிலும் இன்னொன்றை அதன்மேல் உட்கார்ந்திருந்த, அடுத்த செல்லோடு இணைக்கும் பஸ்பார் பட்டையிலும் வைத்தேன். 150 மில்லிவோல்ட் முழுவதும் அங்கேதான் இருந்தது. 100 ஆம்பியரில் 150 மில்லிவோல்ட் என்றால் 1.5 மில்லிஓம், அதாவது அந்த ஒரு நட்டுக்கு அடியில் 15 வாட் சூடு. எல்லாவற்றையும் அணைத்து, மெயின் ஃபியூஸைக் கழற்றிய பிறகு நட்டைத் தொட்டேன், விரலாலேயே அரைச் சுற்று திரும்பியது. கழற்றினால் அலுமினியம் டெர்மினல் மங்கி, சாம்பல் பூத்தமாதிரி இருந்தது. நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் தயாரிப்பாளர் சொன்ன 4 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். இப்போது அதே மோட்டாருக்கு வித்தியாசம் 8 மில்லிவோல்ட். அந்த ஒரு வாரமும் பேலன்சர் நல்ல செல்லுக்குள் இல்லாத குறையைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறது, பாவம். 3.40 வோல்ட்டுக்கு மேல் போனால் மட்டும் தொடங்கும்படி மாற்றிவிட்டேன்.

*

ஏழாவது செல்காரரே, உங்களுக்காவது நட்டு ஏமாற்றியது. என் கதையில் தப்பு முழுக்க என்னுடையது.

பதினாறையும் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்து, மேசை பவர் சப்ளையில் 3.65 வோல்ட் வைத்து டாப் பேலன்ஸ், அதாவது எல்லாச் செல்லையும் உச்சியில் சமமாக்கும் வேலை, செய்தேன். வயர் மெல்லிசு. சப்ளையில் 3.65 காட்டுகிறது, செல்லில் 3.3, ஏறுவது வெறும் 4 ஆம்பியர். அவசரம் யாரை விட்டது? குமிழைத் திருகி 4.2 வைத்தேன், 10 ஆம்பியர் வந்தது, சந்தோஷம். செல் நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறையும், வயரில் இழந்த வோல்ட்டேஜும் இல்லாமல் போகும், 4.2 முழுசாகச் செல்லுக்குப் போகும். இது தெரியாமல் நாள்கணக்கில் அப்படியே விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் இரண்டு செல் வயிறு உப்பிக் கிடந்தன.

பேரலலாக 4480 ஆம்பியர்-அவர். பாதி காலியாக இருந்தால் 10 ஆம்பியரில் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதனால் இப்போது நான் முதலில் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து) பிஎம்எஸ்ஸோடு சார்ஜ் செய்து, முதல் செல் உச்சத்தைத் தொட்டதும் நிறுத்துகிறேன். பிறகு கழற்றி, பேரலலாக்கி, மிச்சத்தை மட்டும் ஏற்றுகிறேன். வயர் தடிமனாக, குட்டையாக. சப்ளையை இணைக்கும் முன்பே 3.65 வைத்து மல்டிமீட்டரில் சரிபார்த்துவிட்டால் அப்புறம் அந்தக் குமிழ் பக்கம் கையே போகாது.

சிலர் 3.3 வோல்ட்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, பேலன்ஸ் ஆகிவிட்டது என்கிறார்கள். 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் இந்த வகை செல்லில் 100 மில்லிவோல்ட்கூட மாறாது. அங்கே பார்த்து என்ன தெரியும்? அதே மாதிரி, பிஎம்எஸ் பார்த்துக்கொள்ளும் என்பதும். பிஎம்எஸ் சமப்படுத்துவது 50 மில்லிஆம்பியரில் என்றால் 5 ஆம்பியர்-அவர் வித்தியாசத்தைச் சரிசெய்ய 100 மணி நேரம், அதுவும் செல் உச்சியில் இருக்கும் நேரம் மட்டும் கணக்கு.

*

மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள் நண்பர்களே. என் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி ஒரே ஒரு செல்லின் இரண்டு டெர்மினலிலும் விழுந்தது. வெறும் 3.3 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம், ஸ்பேனரில் கடித்தமாதிரி ஒரு பள்ளம். அன்றிலிருந்து பிடி நுனிவரை டேப் சுற்றிய ஸ்பேனர்தான், வேலை செய்யாத செல்கள்மேல் ஒரு மரப்பலகை.

*

ஒவ்வொரு செல்லிலிருந்தும் பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய பேலன்ஸ் வயரை மாற்றிக் கொடுத்து ஒரு பிஎம்எஸ்ஸைப் புகைத்தவன் நான். இப்போது கனெக்டரைப் போர்டில் செருகும் முன் மைனஸிலிருந்து ஒவ்வொரு பின்னாக அளக்கிறேன்: 3.3, 6.6, 9.9 என்று 52.8 வரை படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படி தாண்டினாலும், இறங்கினாலும் செருகுவதில்லை.

இரண்டாவது பேட்டரி பேக்கைப் பேரலலாகச் சேர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒன்று நிரம்பியது, இன்னொன்று காலி, வித்தியாசம் 2 வோல்ட் என்று வையுங்கள். பாதை முழுவதும் 20 மில்லிஓம் என்றால் 100 ஆம்பியர் பாயும், யாரும் கேட்காமலே. இரண்டையும் தனித்தனியாக நிரப்பிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேக்குக்கும் தனி ஃபியூஸ், பாசிட்டிவ் டெர்மினலுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில். சாதாரண ஃபியூஸ் இந்த ஷார்ட்டை அறுக்காமல் போகலாம், பெரிய ஷார்ட் மின்னோட்டத்தையும் அறுக்கும் கிளாஸ் டி (Class T) போட்டிருக்கிறேன்.

*

ஏழாவது செல்காரன் மறுபடி. உங்கள் கதைகளைப் படித்தபின் மீதி பதினைந்து செல்லின் நட்டுகளையும் இன்று டார்க் ரெஞ்சில் பார்த்தேன். இன்னும் இரண்டு தளர்ந்திருந்தன. மெயின் ஃபியூஸைத் திரும்பப் போடும்போது இன்வெர்ட்டர் கெபாசிட்டரால் வரும் அந்தப் பட் என்ற பொறி ரொம்ப நாளாகப் பயமுறுத்தியது. முதலில் 50 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஐந்து நொடி, அப்புறம் ஃபியூஸ். சத்தமே இல்லை. ரெசிஸ்டர் மட்டும் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது.