கிலோ கூடிச்சு, விலை கொறைஞ்சிச்சு: தோட்டத்துக் கணக்கு அனுபவங்கள்

பழைய கணக்கப்பிள்ளை:
நிர்வாகக் கட்டுப்பாட்டு முறைன்னு பிள்ளைங்க இப்ப கேம்பஸ்ல படிக்குது. நான் படிச்சது கொழுந்து மடுவத்துல. அதாவது பறிச்ச கொழுந்தை நிறுக்கிற கொட்டகையில. இலங்கை மலையகத்துல தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல 9 வருசம் கணக்கப்பிள்ளை, ஆளையும் நிறையையும் கணக்கு வைக்கிற வேலை. தோட்டத்துப் பேர் வேணாம்.

காலையில எல்லாரும் கூடுற பெரட்டுக்களத்துல ஆள் பிரிப்போம். எந்த மலைக்கு எத்தனை பேர், எத்தனை கிலோ வரணும்னு சின்னத்துரை, அதான் உதவி மேனேஜர், எழுதி வச்சிருப்பாரு. ஒரு நாளைக்கு மூணு நிறுவை, சாயங்காலம் எல்லாம் செக்ரோல்ங்கிற பேர்ப் பதிவுல ஏறும். ஸ்டோர்ல, அதாவது தேயிலை ஃபாக்டரியில, எவ்வளவு தூள் விழுந்திச்சுங்கிறது மறுநாள் மேனேஜரான பெரிய துரை மேசைக்கு வந்திரும். நினைச்சது எவ்வளவு, நடந்தது எவ்வளவு, இடையில விழுந்த துண்டுக்கு யார் என்ன செய்யப் போறாங்க. இவ்வளவுதான் அந்த முறை.

ஒரு வருசம் மேலேருந்து உத்தரவு, கிலோவைக் கூட்டுன்னு. மாசா மாசம் எந்த டிவிசன் முந்துதுன்னு பட்டியல் வேற. ரெண்டு தடவை எங்க டிவிசன்தான் முதல், எனக்கும் ஏக பெருமை. ஆனா சாக்குக்குள்ள கையை விட்டா கொழுந்து மெத்துன்னு இருக்காது, காம்பு குத்தும். இரண்டு இலையும் மொட்டும் எடுக்கிற கை நாலாவது இலைக்கும் போயிருச்சு. தெரிஞ்சும் வாயைத் திறக்கல. தராசு கேட்டது கிலோ, கிலோ வந்திச்சு.

வழமையா ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகும். முத்தலிலும் தூள் விழும், ஆனா நாரும் காம்புமா மட்டத் தூள்தான் கூடும். ஸ்டோர்ல தூள் போடுற டீமேக்கர் கத்தினாரு, யார் கேட்டா? கொழும்பு ஏலத்துல விலை விழுந்த சேதி வந்து சேர வாரக்கணக்காச்சு. ஏழு நாளைக்கொரு தடவை எடுக்கிற மலையில அதுக்குள்ள மூணு தடவை எடுத்தாச்சு.

அடுத்து வந்த பெரிய துரை மடுவத்துல ஒரு கரும்பலகை மாட்டினாரு. ஒவ்வொரு கங்காணி கூட்டத்துச் சாக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, மேசையில கொட்டி, நல்லது வேற முத்தல் வேறன்னு பிரிச்சு நிறுத்து எழுதணும். அதுவும் பகல் நிறுவையிலயே. பகல்ல தெரிஞ்சா பின்னேரம் கங்காணி ஆளைத் திருத்தலாம். முதல் மாசம் யாருக்கும் ஒரு சதம் வெட்டல. கிலோ இறங்கிச்சு, கொழும்புல ஏச்சு வாங்கினது அவரேதான்.

பலகையில இன்னொரு பத்தியும் இருந்திச்சு, அந்த மலையைக் கடைசியா எடுத்து எத்தனை நாள்னு. பத்து நாள் தாண்டியிருந்தா முத்தலுக்குப் பொறுப்பு கொழுந்து எடுத்த ஆள் இல்ல, நாங்கதான். உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பத்திக்குத்தான் நான் பயந்தேன்.

நுவரெலியாக்காரன்:
ராபர்ட் அந்தனின்னு ஹார்வர்ட் பேராசிரியர் ஒருத்தர், 1965ல நிர்வாகக் கட்டுப்பாட்டை மேல்மட்டத் திட்டத்துக்கும் அன்றாட வேலைக்கும் நடுவுல வச்சாரு. அந்த நடு இடத்துல நின்னது உங்க கரும்பலகை. நான் கார்மெண்ட்ஸ்ல லைன் கணக்கு பார்த்தவன். மணிக்கு இத்தனை பீஸ்னு பலகை தொங்கும். மணி முடியப் போகுதுன்னா கோணத் தையலும் ஓகே ஆயிரும். திருப்பித் தைச்ச எண்ணிக்கையைப் பக்கத்துல எழுத ஆரம்பிச்ச பிறகுதான் அடங்கிச்சு.

லயத்துப் பிள்ளை:
அண்ணே, தராசுக்கு இந்தப் பக்கம் நின்ன கதையும் இருக்கு. எங்கம்மா கொழுந்து எடுக்கிறவங்க. ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் தண்ணிக்கும்னு 2 கிலோ கழிப்பாங்க, மூணு நிறுவைக்கு 6. மழை பெஞ்சா சரி, வெயில் காலத்துலயும் என்ன தண்ணி? 2021ல நாள் சம்பளம் 1000 ரூபா ஆனதும் எங்க தோட்டத்துல கிலோவையும் ஏத்திட்டாங்க. கிலோ குறைஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான்.

அம்மா நாங்க இருக்கிற லயத்து வரிசை வீட்டுக் கதவுக்குப் பின்னால கரித்துண்டால அன்னன்னைக்கு எடுத்த கிலோவைக் கிறுக்கி வைப்பாங்க. சம்பளச் சிட்டை வந்ததும் என்னைக் கூட்டச் சொல்லுவாங்க. ரெண்டு மாசம் கணக்கு இடிச்சது. தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கிட்டு ஆபீஸ் போனாங்க. ஒரு மாசத்துக்கு மட்டும் காசு திரும்பி வந்திச்சு. எங்க கிட்டயும் ஒரு கட்டுப்பாட்டு முறை இருந்திச்சுண்ணே.

பழைய கணக்கப்பிள்ளை:
தங்கச்சி, அந்தக் கழிவை நானும் போட்டிருக்கேன். மடுவத்து நிறைக்கும் ஸ்டோர் நிறைக்கும் வித்தியாசம் வந்தா விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வரும். கழிவு போட்டா ரெண்டும் சரியா நிக்கும். 9 வருசத்துல எனக்கு அந்தக் கடிதம் ஒண்ணுகூட வரல, கெட்டிக்காரன்னு பேரும் வாங்கினேன். கதவுல எழுதினது இன்னும் இருக்கா?

லயத்துப் பிள்ளை:
லயத்துக்கு பெயின்ட் அடிச்சாச்சுண்ணே. அம்மா இப்ப கொப்பியில எழுதுறாங்க.