பெயிண்டிங் செலவு என்று அட்வான்ஸில் பிடிக்கிறார் ஓனர், என்ன செய்வது?

கேள்வி (திருப்பூர், வேலம்பாளையம்)

வணக்கம். 2021 முதல் வேலம்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 70,000. அதில் 40,000 ஜிபேயில் போட்டது, 30,000 கையில் கொடுத்தது. ஆரம்பத்தில் 11 மாதத்துக்கு ஸ்டாம்ப் பேப்பரில் அக்ரிமெண்ட் போட்டோம். அப்புறம் யாரும் புதுப்பிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பெருந்துறை சிப்காட்டில் வேலை கிடைத்திருப்பதால் காலி செய்கிறோம். இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டோம். வாடகையும் கரண்ட் பில்லும் ஒரு ரூபாய்கூட பாக்கி இல்லை. இப்போது ஓனர், முழு வீட்டுக்கும் பெயிண்டிங் 22,000, பாத்ரூம் குழாய் 1,500, சமையலறை வயரிங் 6,000 என்று கணக்கு சொல்கிறார். மீதியையும் உடனே தர மாட்டாராம். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருவாராம்.

பெருந்துறையில் பார்த்த வீட்டுக்கு 60,000 அட்வான்ஸ். இந்தப் பணத்தை நம்பித்தான் பேசி முடித்தோம். வாங்கிய அட்வான்ஸைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று ஓனருக்கு எந்தச் சட்டமும் இல்லையா? பெயிண்டிங்குக்கு அவர் பிடிப்பது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (பல்லடம்)

காலி பண்ற வரைக்கும் இனி வாடகை கொடுக்காதீங்க அக்கா, அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லுங்க. கைக்குப் போன பணம் திரும்பி வராது. அதோட மத்திய அரசு சட்டப்படி இரண்டு மாத வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கவே கூடாது. அதையும் அவர்கிட்ட சொல்லுங்க.

பதில் (கோபி)

அம்மணி, நான் ஓனர் பக்கத்து ஆள். கோபியில் அப்பா கட்டிவைத்த லைன் வீடு நாலு என் பெயரில் இருக்கிறது. அதனால் ஓனர்கள் மனசில் ஓடுகிற கணக்கு எனக்குத் தெரியும்.

முதலில் பல்லடம் தம்பி சொன்னதைப் பற்றி. இரண்டு மாதம் என்பது 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரிச் சட்டத்தில் வருவது. ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே செல்லும். நமக்குப் பொருந்துவது தமிழ்நாட்டின் 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது, 1960இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. அதன் 11ஆம் பிரிவில் அட்வான்ஸுக்கு அளவு மூன்று மாத வாடகை. உங்கள் வீட்டுக்கு 27,000. ஆனால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் எட்டு மாதமும் பத்து மாதமும் நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே பிரிவில் உங்களுக்கு வேண்டியது இன்னொன்று: வாடகைக்காரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வரும்வரை பொறுங்கள் என்று சொல்ல ஓனருக்கு அதில் இடமில்லை.

பணத்தை எங்கே வைத்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அதைச் சட்டம் சொல்லவில்லை, குறை இதுதான். தனிக் கணக்கில் போட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, அதனால் வந்த மறுநாளே சீட்டுக்கும் நகைக்கும் மேல்மாடி கட்டவும் போய்விடுகிறது. நீங்கள் காலி செய்கிறேன் என்றதும் ஓனர் கையில் ஒன்றும் இருக்காது. புதிதாக வருகிறவர் பணத்தை வாங்கி உங்களுக்குக் கொடுப்பார், அந்தப் புது ஆளுக்கு இன்னொருவர் வர வேண்டும். கெட்ட எண்ணம் இல்லாத ஓனர்களும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கு நீங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? நான் என் நாலு வீட்டு அட்வான்ஸையும் நாலு தனித்தனி ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டிருக்கிறேன், ரசீதின் பின்னால் எந்த வீடு என்று பென்சிலில் எழுதியிருக்கும். ஆள் காலி செய்கிற அன்று பேங்குக்குப் போய் உடைத்துக் கொடுத்துவிடுவேன். வட்டி எனக்கு, முதல் அவர்களுடையது. அட்வான்ஸ் நம்மிடம் இருக்கிற அடுத்தவர் பணம். இதை ஓனர்கள் மனசில் வாங்கிக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

இனி பெயிண்டிங். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் தலையில். டேப், அதன் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின் ரிப்பேர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் வாடகைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியது. இதுவும் அக்ரிமெண்டில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும்தான், அதனால் உங்கள் பழைய ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துப் பெயிண்டிங் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த 22,000மும் 6,000மும் உங்கள் கணக்கில் வராது. பாத்ரூமில் போனது டேப் என்றால் 1,500ஐ விட்டுக்கொடுங்கள். மீதி 68,500 உங்களுக்கு வந்தாக வேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். குழந்தை கிறுக்கிய ஒரு சுவர், ஆணியடித்துப் பெயர்ந்த ஓர் இடம் என்றால் அதற்கு மட்டும் கேட்கலாம். அதைக் காட்டி வீடு முழுவதற்கும் கேட்பது நியாயமில்லை.

வாடகையை நிறுத்தச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. இதுவரை உங்கள் பக்கம் ஒரு பாக்கியும் இல்லை என்பதுதான் உங்கள் பலம்.

பதில் (லெஸ்டர், சொந்த ஊர் பவானி)

கோபி அம்மா சொன்னதை இங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், ஓனர் டெபாசிட் வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் அதைப் பாதுகாக்க வேண்டும் (ஆரம்பத்தில் 14 நாள் என்று இருந்தது). அப்படி மூன்று திட்டங்கள் இருக்கின்றன. பணத்தை அவர்களிடமே கொடுத்து வைக்கலாம், இல்லையென்றால் ஓனர் தன்னிடம் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் போலக் கட்டணம் கட்டலாம். செய்யாத ஓனருக்கு டெபாசிட்டைப் போல் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை கோர்ட் அபராதம் போடலாம், அது வாடகைக்காரருக்கே வரும். 2019 ஜூன் முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கவும் முடியாது.

எனக்குப் பிடித்தது தகராறு வந்தால் அவர்கள் அதைப் பார்க்கும் விதம். பணம் வாடகைக்காரருடையது என்றுதான் தொடங்குவார்கள். ஏன் கழிக்கிறேன் என்று ஓனர்தான் போட்டோவும் பில்லும் வைத்துக் காட்ட வேண்டும். கார்பெட் பழசு என்றால் அதன் வயசுக்குத் தக்கபடி குறைத்துத்தான் கொடுப்பார்கள். நம் ஊரிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

பதில் (ஈரோடு, பத்திர எழுத்தர்)

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. போக்கியத்துக்கு வீடு பிடிக்கிறவர்கள் இதைவிடப் பல மடங்கு கவனமாக இருக்க வேண்டும். மாத வாடகை இல்லை, மூன்று லட்சம் ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். போக்கியம் என்பது அடமானம். 100 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும் என்று 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு ஏற்கெனவே பேங்க் கடனில் இருந்து, கடன் நின்றுபோனால், பேங்க் ஏலம் விடும்போது உங்கள் வெள்ளைத்தாளை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பழைய அக்ரிமெண்டை எடுத்துப் பார்த்தேன், பெயிண்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்வான்ஸ் 40,000 என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. கையில் கொடுத்த 30,000க்கு எழுத்தில் எதுவும் இல்லை. அக்ரிமெண்டை நாங்கள் எங்கேயும் பதிவு செய்ததும் இல்லை. சாவியைப் பணம் வரும்வரை கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா?

பதில் (கோபி)

சாவியை வைத்துக்கொண்டால் நீங்கள் காலி செய்யவில்லை என்று அந்த மாத வாடகையையும் கேட்பார். அது வேண்டாம்.

முதல் வேலையாக அந்த 30,000ஐ எழுத்தில் கொண்டுவாருங்கள். கோபமாக ஒன்றும் வேண்டாம். வாட்ஸப்பில் "அண்ணா, 70,000 அட்வான்ஸில் நீங்க சொன்ன பெயிண்டிங், வயரிங், குழாய் எல்லாம் போக எவ்வளவு வரும், கணக்கு அனுப்புங்க" என்று கேளுங்கள். அவர் 70,000இலிருந்து கழித்து ஒரு கணக்கு அனுப்பினாலே வாங்கியதை ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனைக் கொடுத்துவிடாதீர்கள்.

காலி செய்கிற அன்று சாமான் ஏற்றிய பிறகு வெறும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சுவரும், குழாயைத் திறந்து மூடுவதும், ஃபேன் ஓடுவதும், கரண்ட் மீட்டர் ரீடிங்கும் அதில் வரட்டும். ஒரு தாளில் ஃபேன் எத்தனை, டியூப் லைட் எத்தனை, சாவி எத்தனை என்று எழுதி, இன்ன தேதியில் ஒப்படைத்தோம் என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். என் வீடுகளில் குடி வருகிற அன்றும் போகிற அன்றும் இப்படித்தான், ஒரே நோட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் அதையே ஒரு கடிதமாக எழுதி, ஒப்புகை வருகிற மாதிரி தபாலில் அனுப்புங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம் எண்ணிக்கொள்ளலாம்.

அதற்குள் வரவில்லையென்றால், திருப்பூர் கோர்ட்டில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், மனுவை உங்கள் பெயரிலேயே கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் முடிவானால் அது கோர்ட் தீர்ப்பு மாதிரி, அதன் மேல் அப்பீலும் கிடையாது.

பெருந்துறை வீட்டுக்கு முழு 60,000மும் அக்ரிமெண்டில் எழுதச் சொல்லுங்கள், பணத்தை பேங்க் வழியாகவே போடுங்கள். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிந்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். துணை ஆட்சியர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் அது போகும். ஓனர் தயங்கினால், பதிவு இருப்பது அவருக்கும் பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். பெயிண்டிங் யார் செலவு என்பதையும் இப்போதே பேசி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.