அமெரிக்கப் பாடகர் ஸ்லீப்பி லபீஃபை நேரில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

1996 குளிர்காலம். பாஸ்டனில் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் உடனிருந்த மெயின் மாநிலத்துக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டுக் கேட்கலாம் என்று கூட்டிப்போனார். சின்ன பார், நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். மேடையில் ஆறரை அடி உயரத்தில் ஒரு மனிதர், பாதி மூடிய இமைகளோடு. அந்த இமைகளால்தான் பள்ளியிலேயே 'ஸ்லீப்பி' என்று பெயர் விழுந்ததாம்.

பாட ஆரம்பித்ததும் நாற்காலியே அதிர்ந்தது. அப்படியொரு கட்டைக்குரல்! கையில் பாட்டுப் பட்டியல் எதுவும் இல்லை. ஒரு பாட்டு முடியும் முன்பே கிடார் அடுத்ததற்குத் தாவிவிடும்; பேஸும் டிரம்ஸும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடும். கண்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டு எங்கே முடிந்தது, ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. நடுவில் தேவாலயப் பாட்டு வேறு. ஆறாயிரம் பாட்டு மனப்பாடம் என்பார்கள்; அன்றைக்குப் பிறகு எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து ஏதோ பழைய பாட்டின் பெயரைக் கத்தினார். அவர் உட்காருவதற்குள் அந்தப் பாட்டு தொடங்கிவிட்டது.

முடிந்ததும் போய்க் கை குலுக்கினேன். என் கை அவர் கைக்குள் காணாமல் போனது.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1950களில் ஹூஸ்டனில் ராக்கபில்லி (கண்ட்ரியும் ராக் அண்ட் ரோலும் கலந்த இசை) இசைத்தட்டுகள், அப்புறம் கொலம்பியா, சன் என்ற இசைத்தட்டு நிறுவனங்கள். கண்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 1968, 1971இல் இரண்டு பாட்டுகள் கீழ்ப்பகுதியில் தலைகாட்டியதோடு சரி. 1977இல் மெயின் நெடுஞ்சாலையில் அவருடைய பஸ் தீப்பிடித்து எரிந்தது. வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். இவர் மாசசூசெட்ஸின் ஏம்ஸ்பரியில், லாரி ஓட்டுநர்கள் வந்து தங்கும் ஓரிடத்தின் பாரில் பாடத் தொடங்கி, அந்த வட்டாரத்துக்காரராகவே ஆகிவிட்டார். ஹிட் இல்லாதவர் என்று யாராவது இவருக்காகப் பரிதாபப்பட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நாற்பது பேருக்குக் கொடுத்ததில் அவர் ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை.

* * *

அண்ணா, நான் அவரைப் பார்த்ததில்லை, அவர் பிறந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். ஆர்கன்சாவின் எல் டொராடோவில் வேலையாக இருந்தபோது பக்கத்திலிருக்கும் ஸ்மாக்கோவருக்குப் போனேன். எண்ணெய் எடுத்த ஊர். அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பத்துப் பிள்ளைகளில் கடைசியாக 1935இல் அங்கே பிறந்தவர், பதினாலு வயதில் தன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒரு கிடார் வாங்கிக்கொண்டார். 2012இல் நாஷ்வில்லில் பதிவு செய்த பாட்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு அந்தத் தெருக்களில் இரண்டு சுற்று சுற்றினேன். இதய அறுவைச் சிகிச்சை ஆன, எழுபத்தாறு வயதுக்காரரின் குரல் அது, நம்பவே முடியவில்லை. 2019 டிசம்பரில் போய்விட்டார்.

அன்றைக்கு அந்தப் பெரியவர் கேட்ட பாட்டு எது என்று ஞாபகமிருக்கிறதா?

* * *

இல்லை தம்பி, அப்போது எனக்கு எந்தப் பாட்டும் தெரியாது. அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார், அது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.