விறகடுப்பில் காற்றின் வழி: உங்கள் அனுபவம் என்ன?

மயிலாப்பூர் உறுப்பினர்:
2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபின் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பல நாட்களாயின. இண்டக்‌ஷன் அடுப்பையே நம்பியிருந்த நான், பாட்டியின் மண் அடுப்பைப் பரணிலிருந்து இறக்கி மொட்டை மாடியில் பற்றவைத்தேன். பானையை அடுப்பின் வாய்க்குச் சற்று மேலே தாங்கி நிற்கும் அதன் மூன்று குமிழ்களும் எப்போதோ உடைந்திருந்தன. அகன்ற வெண்கலப் பானையை ஏற்றியதும் அடுப்பின் வாய் முழுவதும் அடைபட்டு, புகை விறகு வைக்கும் பக்கமாகவே என் முகத்தில் அடித்தது. ஊதாங்குழலால் ஊத ஊத அது கூடியதே தவிரக் குறையவில்லை. பாட்டி ஒன்றும் பேசாமல் மூன்று ஓட்டுச் சில்லுகளைப் பானைக்கடியில் செருகினார். மறுகணமே புகை உள்ளே திரும்பி, பானையைச் சுற்றித் தீ எழுந்தது. அந்தக் காட்சி இன்றும் கண்ணைவிட்டு அகலவில்லை.

பெரம்பூர் உறுப்பினர்:
சகோதரி சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. புயலில் விழுந்த கிளைகளை எரித்திருந்தால் குற்றம் குமிழில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. என் தந்தை கல்யாணச் சமையல்காரர். கோட்டை அடுப்புக்குக் காய்ந்த சவுக்குக் கட்டையைத் தவிர வேறெதையும் அனுமதிக்க மாட்டார். ஒருமுறை நனைந்த கட்டை வந்துசேர்ந்து, பருப்பு வேகாமல் பந்தி தள்ளிப்போனபோது அவர் தலைகுனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. நெருப்பின் சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே போய்விட்டால், மேலே எழும் காற்றுக்குச் சூடு ஏது, இழுவை ஏது?

வேளச்சேரி உறுப்பினர்:
என் அனுபவம் சிறியது: சமையலறைக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டதும், புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டிருந்த புகை கீழே இறங்கி அறையை நிரப்பிவிட்டது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேறு வழியில்லாததால் விசிறி புகைபோக்கியிலிருந்தே இழுத்துக்கொண்டது. ஆகவே நண்பர்களே, அடுப்பு எரியும்போது ஒரு சன்னலையாவது திறந்து வையுங்கள். விறகைத் தாங்கும் தட்டுக்கம்பிக்குக் கீழே சாம்பல் நிரம்பவிடாதீர்கள். அங்கிருந்து வரும் காற்றுதான் தணலை எரிக்கிறது. விறகு சூடானதும் வெளிவிடும் வாயுக்கள் எரிவதற்குத் தீக்கு மேலேயும் காற்று தேவை. அது கிடைக்காதவைதான் புகையாகவும் பாத்திரத்தில் கரியாகவும் மிஞ்சுகின்றன. அதற்காக அடுப்பின் வாயை அகலத் திறந்துவிட்டால் குளிர்ந்த காற்று புகுந்து தீயைத் தணித்துவிடும். அணையும் தணலை மூடிய அறையில் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

மயிலாப்பூர் உறுப்பினர்:
பெரம்பூர் அண்ணன் கவனத்துக்கு: நான் எரித்தது புயலில் விழுந்த கிளை அன்று, பரணில் அடுப்போடு கிடந்த, நன்றாகக் காய்ந்த தென்னை மட்டை. சில்லுகளைச் செருகுமுன் புகைந்ததும் செருகியபின் எரிந்ததும் அதே மட்டைதான்.