அப்பாவோடு, அம்மாவோடு மீன் பிடிக்கப் போனவர்கள் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை:
சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். நான் ஏழாம் வகுப்பு. கண்மாய் பாதி நிறைந்திருந்தது. தூண்டில் முள்ளில் தவளையைக் கோத்துக்கொண்டு மடையோரம் உட்கார்ந்திருந்தோம். ஓரிடத்தில் தண்ணீர் சிவந்து, உலை கொதிப்பதுபோல் பொடிப்பொடியாகக் குமிழ் விட்டது. விரால் குஞ்சுகள். அவை மூச்சு வாங்க மேலே வரும்போது அடியில் பெரிய விரால் காவல் நிற்கும், தவளை விழுந்தால் பாய்ந்து கவ்வும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கம்பை ஓங்கினேன். அப்பா பிடுங்கித் தரையில் வைத்துவிட்டார். “குஞ்சோடு இருக்கிறதடா” என்றார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் மாமா வந்திருந்தார். வீட்டில் விரால் குழம்பு. முழத்துக்குக் குறையாத மீன். அப்பா நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். எங்கே பிடித்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் விரால் வாங்கப் போனால் அந்தத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

பனையோலைப்பறி:
எங்களுக்குத் தூண்டிலே கிடையாது. பிச்சாவரம் உப்பங்கழியில் இருளர் பெண்கள் கையால் தடவித்தான் இறால் பிடிப்போம். கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையும் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும்.

வீட்டில் அம்மாவிடம் வாய் திறக்க முடியாது. தண்ணீரில் அவள் வாயில் பறி இருக்கும், திட்ட வழியில்லை! அதனால் நான் எல்லாவற்றையும் அங்கேதான் சொல்வேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகும் படிக்க வேண்டும், இந்த வருடம் கல்யாணப் பேச்சை எடுக்காதே என்று சொன்னதும் அங்கேதான். அம்மா “ம்” என்றாள். பறி அசைந்தது. ஓர் இறால் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. அந்த “ம்” சம்மதமா, இறால் போன எரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சு மட்டும் நின்றுபோனது.

பொருநை வாசகன்:
கண்மாய்க்கரை, அப்பா சந்தையில் வாங்கியிருக்கலாம் அல்லவா? மாப்பிள்ளை முறைக்காரர் வந்தால் விலை பார்ப்பார்களா? நீங்களாகவே அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டீர்கள். அப்படியே அவர் பிடித்திருந்தாலும், விருந்தாளிக்குச் சாம்பார் வைத்து அனுப்பச் சொல்கிறீர்களா?

என் கதை சின்னது. போன கோடையில் மகனைக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் வீச்சிலேயே முள் என் கட்டைவிரலில் ஏறியது. எட்டு வயதுப் பையன், அழாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வரை வந்தான்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். முள்ளின் நுனியில் எதிர்ப்பக்கமாகச் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அதைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் சிறுவர் கையில் கொடுக்க வேண்டும். நாக்கு சதைக்குள் போய்விட்டால் வந்த வழியே இழுக்காதீர்கள், கிழிக்கும். மருத்துவரிடம் போய் எடுத்துவிட்டு டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். மின்கம்பிக்கு அடியில் கார்பன் கம்பைத் தூக்கவே கூடாது. கெளுத்தி மாட்டினால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், பக்க முள் குத்தினால் ராத்திரித் தூக்கம் போச்சு. மீன்பாசிக் குத்தகை, அதாவது அந்தக் குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை, யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள், பிள்ளை முன்னால் ஏச்சு வாங்காதீர்கள். பழகுவதற்கு ஜிலேபி மீன்தான் சரி. மண்புழுவுக்கே வரும். 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், நம் மீன்களின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. எத்தனை பிடித்தாலும் பாவமில்லை.

திரும்பிவந்தவன்:
வாசகன் ஐயா, முள்ளை யாரும் கேட்கவில்லையே. உங்கள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

நான் பதினொரு வருடம் குவைத்தில் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர். கடைசியாக வந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. நெருங்கிப் பேச ஒன்றும் கிடைக்காமல், வாய்க்காலுக்குப் போவோமா என்றேன். சரி என்றாள். முள்ளில் தூண்டில் நரம்பைக் கட்டிக் கொடுத்தேன், பெருமையாக. வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் என் முடிச்சை அவிழ்த்தாள். நரம்பை எச்சிலில் நனைத்து, ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள். தாத்தா சொல்லிக்கொடுத்தாராம். பிறகு என் தூண்டிலுக்கும் கை நீட்டினாள். கொடுத்தேன். என்னுடையதையும் அவிழ்த்துக் கட்டினாள். அன்று மூன்று கெண்டை, மூன்றும் அவளுக்கு.

கண்மாய்க்கரை:
வாசகன், சந்தையில் வாங்கியிருக்கலாம்தான். நானும் அப்படி நினைத்துப் பார்த்ததுண்டு. ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். குழம்பு சாப்பிட்ட மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மடைக்குப் போனேன். குஞ்சுகள் அதே இடத்தில்தான் சிவந்து கிடந்தன. அடியில் ஏதாவது புரள்கிறதா என்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கலங்கல்.